ஈரல் ரிப்போட்டை ஏ.ஐ.யிடம் கொடுத்துப் பார்த்தேன், டொக்டர் தேவையில்லைப் போல

9 ஓகஸ்ட் 2025. களுவாஞ்சிக்குடி வாசகர் ஒருவரின் கேள்வி

அப்பாவுக்கு 58 வயது. குடி இல்லை, சிகரட் இல்லை. வயிற்று ஸ்கேனில் 'கிரேட் 2 ஃபெட்டி லிவர்', அதாவது ஈரலில் கொழுப்பு என்று வந்திருக்கிறது. கிளினிக்கில் டொக்டர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சோத்தைக் குறையுங்க, நடங்க, ஆறு மாதத்தால வாங்க" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து இரத்த ரிப்போட்டைப் படம் எடுத்துச் சட்ஜிபிடியில் போட்டேன். ஈரல் சுருக்கமாக இருக்கலாம், கடுமையான செங்கமாரி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்கிறது. நாலு பக்கத்துக்கு விளக்கம். ஒரு நிமிஷம் பார்த்தவர் பெரிதா, நாலு பக்கம் எழுதியது பெரிதா? இனி ஈரலுக்கு ஏ.ஐ. போதும் என்பது என் எண்ணம். லேபில் வேலை செய்கிற யாராவது இருந்தால் பதில் போடுங்கள்.

9 ஓகஸ்ட், இரவு

லேபில் வேலை செய்கிற ஆள் நான். மட்டக்களப்பு டவுனுக்குள்தான். டொக்டர் இல்லை. இரத்தம் எடுத்து, மெசினில் ஓட்டி, ரிப்போட்டில் கையெழுத்துப் போடுகிறவன். நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடுமையான செங்கமாரி என்று அது சொன்னதே, அப்பாவின் கண்ணைப் பார்த்தீர்களா? மஞ்சளா? மூத்திரம் பிளேன்டீ நிறத்தில் போகிறதா? இரண்டும் இல்லை என்றால் எங்கேயோ ஓர் எண் பிழைத்திருக்கிறது. ரிப்போட்டில் உள்ளதை எண்ணும் அலகுமாக அப்படியே எழுதிப் போடுங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், லேபின் பெயர் எதுவும் வேண்டாம்.

10 ஓகஸ்ட்

எண்கள் வந்துவிட்டன. எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 64 (இரண்டும் ஈரல் காயப்பட்டால் இரத்தத்தில் கூடுகிற நொதிகள்), பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவுகிற சிறு துணுக்குகள்) 190,000, மொத்த பிலிருபின் (செங்கமாரியில் ஏறுகிற மஞ்சள் பொருள்) 14.

கடைசி எண்ணுக்கு அலகு இல்லை. கேட்டேன். படம் எடுக்கும்போது கடதாசியின் வலது ஓரம் வெட்டுப்பட்டதை அவரே கண்டுபிடித்தார். அந்த ஓரத்தில் இருந்தது மைக்ரோமோல் என்ற அலகு. பிலிருபினைச் சில இடங்களில் லீற்றருக்கு இத்தனை மைக்ரோமோல் என்று தருவார்கள், சில இடங்களில் டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று. 1 மில்லிகிராம் என்பது 17.1 மைக்ரோமோல். அப்படிப் பார்த்தால் அப்பாவுக்கு 0.8 மில்லிகிராம். சுத்த நோர்மல். ஏ.ஐ. அதை 14 மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டது. 14 மில்லிகிராம் உள்ள ஆள் வீதிக்கு அந்தப் பக்கம் நின்றாலே நமக்குத் தெரியும்.

நாலு பக்கமும் அந்த வெட்டுப்பட்ட ஓரத்தில் இருந்துதான் முளைத்திருக்கிறது. அலகு என்ன என்று அது ஒரு தரம்கூடக் கேட்கவில்லை, எனக்கு அதுதான் கோபம். எங்களிடம் வருகிற பயிற்சி மாணவி முதல் கிழமையிலேயே அதைக் கேட்பாள்.

10 ஓகஸ்ட், பின்னேரம்

"அப்ப அப்பாவுக்கு ஒன்றும் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். அப்படி நான் சொல்லவில்லை.

ஏ.ஐ. வேண்டாம், போனில் உள்ள கல்குலேட்டர் போதும். ஈரலில் தழும்பு முற்றியிருக்குமா என்று மதிப்பிட ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஆயிரத்தில் எழுதி, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். அப்பாவுக்கு 58 தர 48 என்றால் 2784. கீழே 190 தர 8, அது 1520. விடை 1.83.

1.3க்குக் கீழே என்றால் ஈரலில் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 2.67க்கு மேலே என்றால் நிபுணரிடம் போக வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லை 2.0. அப்பா நடுவில் நிற்கிறார். நடுவில் நிற்கிறவருக்கு அடுத்தது ஃபைப்ரோஸ்கேன். ஈரலைத் தட்டி, அதில் ஓடும் அதிர்வின் வேகத்தைக் கொண்டு ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கிற மெசின். ஊசி, கத்தி ஒன்றும் இல்லை.

12 ஓகஸ்ட்

காத்தான்குடியில் இருந்து ஒருவர்: "கிரேட் 2 என்றால் இரண்டாம் கட்டம், மூன்றுக்குப் போனால் சிரோசிஸ்." சிரோசிஸ் என்றால் தழும்பு முற்றி ஈரல் சுருங்குவது. இல்லை நானா. பலர் இப்படித்தான் நினைத்துப் பயந்து திரிகிறார்கள். ஸ்கேனில் போடுகிற கிரேட் கொழுப்பின் அளவைச் சொல்கிறது. தழும்பு வேறு கணக்கு. கிரேட் 1 உள்ளவருக்குத் தழும்பு முற்றியிருக்கலாம், கிரேட் 3 உள்ளவருக்கு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். சிரோசிஸ் முற்றும்போது கொழுப்பு குறைந்து போவதும் உண்டு. அந்த நேரம் ஸ்கேனைப் பார்த்துக் "கொழுப்புக் குறைஞ்சிட்டு" என்று சந்தோசப்பட்டவர்களையும் கண்டிருக்கிறேன்.

குடிக்காதவருக்கு ஏன் என்றும் கேட்டிருக்கிறார். ராகமையில் நகர்ப்புற மக்களிடம் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், குடியால் வராத ஈரல் கொழுப்பு மூன்றில் ஒருவருக்கு இருந்தது. சீனி வருத்தமும் வயிற்றுச் சுற்றளவும்தான் முக்கிய காரணம். நமது உடல்வாகுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு நிறை எவ்வளவு என்கிற கணக்கு) 23ஐத் தாண்டினாலே கூடுதல்தான். வெள்ளைக்காரருக்குப் போட்ட 25ஐ வைத்துக்கொண்டு "நான் மெலிவு" என்று சொல்லிக்கொள்ள முடியாது. மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி நாளைக்கு ஐந்து கோப்பை குடிக்கிற ஊர் நம்முடையது. இதை நானும் ஒரு தேத்தண்ணியோடு இருந்துதான் எழுதுகிறேன்.

13 ஓகஸ்ட்

மேலே விட்டுப்போனது. கொழுப்பு என்று முடிவு கட்டுவதற்கு முன்னர் ஈரலைத் தாக்குகிற வைரஸ்களான ஹெப்படைட்டிஸ் பி, சி இரண்டையும் ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். இலங்கையில் குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி ஊசி 2003இல்தான் தொடங்கியது. அப்பாவின் வயதுக்காரருக்குச் சிறுவயதில் அது கிடைத்திருக்க வழியில்லை. அந்த நாலு பக்கத்தில் இது இருந்ததா என்று பாருங்கள்.

13 ஓகஸ்ட், இரவு

இருந்ததாம். மூன்றாம் பக்கத்தில், சரியாகவே. சரி, அதற்கு ஒரு புள்ளி போடுகிறேன்.

24 ஓகஸ்ட்

ஒலுவிலில் கம்ப்யூட்டர் படிக்கிற தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். இறுதி வருட புரொஜெக்டுக்கு ஈரல் நோயைக் கண்டுபிடிக்கிற மொடல் செய்திருக்கிறாராம், துல்லியம் 74 வீதம். கிழக்கு மாகாண ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார். எந்தத் தரவு என்று கேட்டேன். இணையத்தில் எல்லோரும் எடுக்கிற அதே இந்திய ஈரல் நோயாளர் தரவுதான்.

தம்பி, அந்தத் தரவில் 583 பேர். 416 பேர் நோயாளிகள், 167 பேர் இல்லை. ஆந்திராவின் வடகிழக்குப் பக்கத்தில் திரட்டியது. இப்போது நான் ஒரு மொடல் செய்கிறேன், ஒரு வரிதான்: வருகிற எல்லோருக்கும் ஈரல் நோய் என்று சொல். என் மொடலின் துல்லியம் 71 வீதம். உங்கள் மெசின் கற்றுக்கொண்டது அதற்கு மேலே உள்ள மூன்று வீதத்தை மட்டும். நோய் இல்லாத 167 பேரில் எத்தனை பேரை 'இல்லை' என்று சரியாகச் சொன்னது? அதை எழுதுங்கள், பிறகு கதைப்போம்.

இன்னொன்று. அந்த 583இல் பெண்கள் 142 பேர்தான். லண்டன் யூனிவர்சிட்டி கொலிஜ் ஆய்வாளர்கள் இதே தரவில் மொடல்களை ஓட்டி 2022இல் வெளியிட்டார்கள். ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தால், நோய் உள்ள பெண்களைத்தான் மொடல்கள் கூடுதலாகத் தவறவிட்டன. மொத்தத் துல்லியத்தை மட்டும் பார்த்திருந்தால் அது வெளியே வந்திருக்காது.

25 ஓகஸ்ட்

"ஏ.ஐ. என்றால்தான் பெண்களுக்கு அநியாயம், பழைய கணக்குகள் நேர்மையானவை" என்று ஒருவர். அப்படியும் இல்லை. ஈரல் மாற்றுச் சிகிச்சைக்கு யார் முதலில் என்று தீர்மானிக்க அமெரிக்காவில் 2002இல் இருந்து மெல்ட் என்ற புள்ளியைப் பாவிக்கிறார்கள். பிலிருபின், இரத்தம் உறையும் நேரம், கிரியேட்டினின் (தசையில் இருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றுகிற கழிவு) மூன்றையும் வைத்துப் போட்ட கணக்கு. பெண்களுக்குத் தசை குறைவு, அதனால் கிரியேட்டினினும் குறைவாகக் காட்டும். நோய் அதே அளவில் இருந்தாலும் புள்ளி குறையும், வரிசையில் பின்னால் போவார்கள். மெல்ட் 3.0இல்தான் பெண்களுக்கு 1.33 புள்ளி கூட்டினார்கள். அது நடைமுறைக்கு வந்தது 2023இல். இருபது வருடம் அது வெறும் கல்குலேட்டர் கணக்கு, ஏ.ஐ. பக்கத்திலும் இல்லை.

31 ஓகஸ்ட்

ஊசி பற்றிக் கேட்கிறவர்களுக்கு: ஆம், அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரொம் என்ற குளிசைக்கும் 2025 ஓகஸ்டில் செமாக்ளூட்டைட் ஊசிக்கும் ஈரல் கொழுப்பு அழற்சிக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். பாமசியில் போய் நீங்களாகக் கேட்கிற சாமான் இல்லை. நிறையில் 7 முதல் 10 வீதம் குறைந்தாலே அழற்சி அடங்குகிறது. 80 கிலோ ஆளுக்கு 6 முதல் 8 கிலோ. சொல்வது சுகம், தெரியும்.

7 செப்டெம்பர்

மாரி வரப்போகிறது, அதனால் இதை இப்போதே எழுதுகிறேன். என்னிடம் கேட்டால் இந்தத் திரியில் மற்றதையெல்லாம் விட்டாலும் இதை வாசியுங்கள்.

மேலே நான் சொன்ன ஃபிப்-4ஐச் சிலர் வீட்டில் எல்லோருக்கும் போட்டுப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஏறாவூரில் இருந்து ஒரு சகோதரி மகனுக்கு 9 வந்ததாம் என்று அழாக்குறையாக எழுதியிருந்தார். 2.67க்கு மேலே ஆபத்து என்றால் 9 எப்படி இருக்கும்? வயது 30, எஸ்.ஜி.ஓ.டி. 180, எஸ்.ஜி.பி.டி. 100, பிளேட்லெட் 60 ஆயிரம். ரிப்போட் எப்போது எடுத்தது என்று கேட்டேன். போன ஜனவரி. ஏன் எடுத்தது? டெங்கு.

டெங்கு ஈரலைத் தொடும். எஸ்.ஜி.ஓ.டி. எஸ்.ஜி.பி.டி.யை விட மேலே ஏறும், பிளேட்லெட் விழும். ஃபிப்-4 கணக்கில் மேலே நிற்பது எஸ்.ஜி.ஓ.டி., கீழே நிற்பது பிளேட்லெட். இரண்டும் சேர்ந்து விடையைத் தூக்கிவிடும். காய்ச்சல் ஆறிச் சில கிழமை போனால் அதே பிள்ளைக்கு அநேகமாக 1க்குக் கீழே வரும். இந்தக் கணக்கை 2006இல் செய்தவர்கள் எச்.ஐ.வி.யும் ஹெப்படைட்டிஸ் சி.யும் சேர்ந்திருந்த நோயாளிகளுக்காகச் செய்தார்கள். மட்டக்களப்பு மாரியில் நுளம்பு கடித்தவருக்காகச் செய்யவில்லை. 35 வயதுக்குக் கீழே அது அவ்வளவு நம்பத்தகுந்ததும் இல்லை.

எலிக்காய்ச்சலும் அப்படித்தான். அம்பாறைப் பக்கம் வயலில் இறங்கினவருக்குக் காய்ச்சலோடு கண் மஞ்சள், பிலிருபின் கிடுகிடுவென்று ஏறும். எண்ணை மட்டும் பார்க்கிற ஏ.ஐ. சிரோசிஸ் என்று சொல்ல இடமுண்டு. வயலுக்குப் போனாயா, காலில் புண் இருந்ததா என்று கேட்கிற வார்ட் டொக்டர் எலிக்காய்ச்சல் என்பார்.

8 செப்டெம்பர்

பிளேட்லெட் பற்றி இன்னும் கொஞ்சம், என் தொழில் என்பதால். ஊதா மூடிக் குழாயில் எடுக்கிற இரத்தத்தில் சிலருக்கு மட்டும் பிளேட்லெட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அது உடம்பில் நடப்பதில்லை, குழாய்க்குள் நடப்பது. மெசினுக்குக் கட்டியை எண்ணத் தெரியாது, 70 ஆயிரம் என்று அடித்துவிடும். கண்ணாடியில் ஒரு துளி இழுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், விளிம்புப் பக்கம் கட்டி கட்டியாகக் கிடக்கும். நீல மூடிக் குழாயில் (அதில் உறையாமல் தடுக்கிற மருந்து வேறு, இரத்தத்தைக் கொஞ்சம் ஐதாக்கும்) திரும்ப எடுத்து, வருகிற எண்ணை 1.1ஆல் பெருக்கினால் 200 ஆயிரம் வரும். கூட்டம் கூடின நாளில் கண்ணாடி பார்க்காமல் ரிப்போட் அடிக்கிற இடங்களும் உண்டு. அந்த 70ஐ எந்தச் சூத்திரத்தில் போட்டாலும், எவ்வளவு பெரிய ஏ.ஐ.க்குக் கொடுத்தாலும் ஈரல் கெட்டுவிட்டது என்றுதான் வரும்.

15 செப்டெம்பர்

"அண்ணன், நீங்கள் ஏ.ஐ.க்கு எதிரி" என்கிறார் ஒலுவில் தம்பி. கோபமாக இருக்கிறார் போல. 167இன் கணக்கு இன்னும் வரவில்லை.

எதிரி இல்லை தம்பி. நல்லதையும் சொல்கிறேன். ஈரலில் ஊசி போட்டு எடுக்கிற துண்டு முழு ஈரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். பெரிய வயல்காரப் போடி ஒருவரின் வயல் முழுவதையும் ஒரு பிடி நெல்லை வைத்து மதிப்பிடுகிற மாதிரி. அந்தப் பிடியைப் பார்த்தும் இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகப் புள்ளி போடுவார்கள், ஒரே நிபுணர் காலையில் ஒன்று பின்னேரம் ஒன்று போடுவதும் உண்டு. புது மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிற ஆய்வுகளுக்கு இது பெரிய தலையிடி. 2025 மார்ச்சில் ஐரோப்பிய மருந்து முகமை ஏ.ஐ.எம்.-நாஷ் என்ற கருவியை இந்த வேலைக்கு ஏற்றுக்கொண்டது. துண்டின் படத்தை ஏ.ஐ. பார்த்துப் புள்ளி போடும், நிபுணர் ஒருவர் சரிபார்ப்பார். ஆய்வுக்குத்தான், கிளினிக்குக்கு இல்லை. ஒரே படத்தை எத்தனை தரம் காட்டினாலும் ஒரே புள்ளி போடும், மனிதரால் முடியாதது அது.

மேயோ கிளினிக்கில் 2022இல் இன்னொன்று செய்தார்கள், ஈ.சி.ஜி.யை வைத்துச் சிரோசிஸைக் கண்டுபிடிக்கிற மொடல். இதைக் கேட்டதும் முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் ஈரல் சுருங்கினால் இதயத்தின் மின்னோட்டமும் மாறத்தான் செய்கிறது, நம் கண்ணுக்கு அது பிடிபடவில்லை. நமக்கு இது முக்கியம். ஃபைப்ரோஸ்கேன் மெசின் எல்லா இடத்திலும் கிடையாது, ஈ.சி.ஜி. மெசின் அநேகமான ஆஸ்பத்திரிகளில் உண்டு. ஆனால் நமது மக்களில் சோதித்துப் பார்க்காமல் கொண்டுவந்து வைக்கக் கூடாது. ராகமையில் பார்த்த மாதிரி யாராவது இங்கே பார்க்க வேண்டும். தம்பி, புரொஜெக்டுக்கு இதை யோசியுங்கள்.

28 செப்டெம்பர்

இது கொஞ்ச நாளாக மனதில் கிடந்தது. எண்களைச் சற்று மாற்றி எழுதுகிறேன், ஆள் அடையாளம் தெரியக் கூடாது.

எங்களிடம் வருகிற ஓர் அம்மா, சொப்பிங் பை நிறைய ரிப்போட். சீனி வருத்தம் என்பதால் வருடா வருடம் இரத்தம் எடுப்பார். வெவ்வேறு லேப், வெவ்வேறு கடதாசி. ஒருநாள் கூட்டம் இல்லை, சும்மா இருந்த நேரம் அந்தப் பையை மேசையில் கொட்டித் திகதிப்படி அடுக்கினேன். பிளேட்லெட் மட்டும் பென்சிலால் ஒரு துண்டில் எழுதினேன். 262, 231, 204, 178, 161. நோர்மல் 150இல் இருந்து 400 வரை. ஐந்து ரிப்போட்டிலும் சிவப்புக் குறி இல்லை, ஐந்தையும் பார்த்த ஐந்து டொக்டர்களும் நோர்மல் என்றுதான் சொல்லியிருப்பார்கள். பிழை சொல்ல முடியாது, ஒவ்வொருவர் கையிலும் இருந்தது ஒரு கடதாசி. ஐந்தையும் சேர்த்து வைத்தால் ஒரே பக்கமாக இறங்கிக்கொண்டே போகிறது. ஈரல் இறுகினால் மண்ணீரல் பெருத்துப் பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதுதான் இறங்குகிறது. அந்தத் துண்டைக் கிளினிக் கொப்பியில் செருகிக் கொடுத்தனுப்பினேன். டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, வாய் வழியாகக் கமரா விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோப்பிக்கு எழுதினார்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஏ.ஐ. வேண்டும். தீர்ப்புச் சொல்ல வேண்டாம், சிரோசிஸ் என்ற சொல்லே அதன் வாயில் வர வேண்டாம். பையில் உள்ள கடதாசிகளை வாசித்து, அலகைச் சரிக்கட்டி, திகதிப்படி அடுக்கி, "இது இறங்குகிறது, பாருங்கள்" என்று ஒரு வரி டொக்டருக்குக் காட்டட்டும். எந்த ஆராய்ச்சிப் பரிசும் கிடைக்காத வேலை. ஒரு நிமிஷம் பார்க்கிற டொக்டருக்கு அந்த நிமிஷத்தில் எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்கும்.

29 செப்டெம்பர்

"சட்ஜிபிடி இப்போதே அதைச் செய்யும்" என்று நாலு பேர். நானும் கொடுத்துப் பார்த்தேன். அச்சடித்த கடதாசியில் நன்றாகவே செய்கிறது. கையால் எழுதிய பழைய ரிப்போட்டில் 1ஐயும் 7ஐயும் மாற்றிவிடுகிறது. அதைவிடக் கூடாதது, மை மங்கி வாசிக்க முடியாத ஓர் இடத்தில் தானாக ஓர் எண்ணை வைத்துவிட்டது, முன்னும் பின்னும் உள்ளவற்றுக்கு நன்றாகப் பொருந்துகிற எண். தெரியவில்லை என்றால் வெற்றிடம் விடு என்று முதலிலேயே எழுதிக்கொடுத்தால் பெரும்பாலும் விடுகிறது. அட்டவணை வந்த பிறகு கடதாசியோடு ஒவ்வொன்றாகக் கண்ணால் ஒப்பிடத்தான் வேண்டும்.

5 ஒக்டோபர்

சீந்தில் கஷாயம் ஈரலுக்கு நல்லது என்று ஏ.ஐ. சொன்னதாம், அக்கரைப்பற்றில் இருந்து. 2021இல் கொரோனாவுக்கு என்று இந்தியாவில் சீந்தில் குடித்துப் பலருக்கு ஈரல் அழற்சி வந்து, மும்பை டொக்டர்கள் எழுதினார்கள். ஏற்கெனவே ஈரல் எண் கூடினவர்கள் நாளாந்தம் குடிக்க வேண்டாம். குடிக்கிறவர்கள் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டு விழுந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

12 ஒக்டோபர்

களுவாஞ்சிக்குடிக்காரர் திரும்பி வந்திருக்கிறார். அப்பாவின் ஹெப்படைட்டிஸ் இரண்டும் இல்லை. கொழும்புக்கு வேறு அலுவலாகப் போன இடத்தில் ஃபைப்ரோஸ்கேன் செய்திருக்கிறார்கள். முதல் நாள் திருப்பி அனுப்பிவிட்டார்களாம், அப்பா வழியில் கொத்து சாப்பிட்டுவிட்டார். மூன்று மணித்தியாலமாவது வெறும் வயிறாக இருக்க வேண்டும், சாப்பிட்டால் ஈரலுக்கு இரத்தம் கூடி அளவு ஏறிவிடும். அடுத்த நாள் 6.8 கிலோபாஸ்கல், அது ஈரலின் இறுக்கத்தின் அளவு. 8க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இல்லை என்று எடுக்கலாம். டொக்டர் சொன்னது: சோத்தைக் குறையுங்க, நடங்க, ஆறு மாதத்தால வாங்க.

13 ஒக்டோபர்

இனி ரிப்போட் போடுகிறவர்கள் இப்படிப் போடுங்கள். எடுத்த திகதி. கடதாசியின் நாலு ஓரமும் தெரிய வேண்டும், அல்லது அலகோடு கையால் எழுதுங்கள். முந்தின ஒரு மாதத்தில் காய்ச்சல் இருந்ததா. என்னென்ன மருந்து, கஷாயம் உட்பட. பழைய ரிப்போட் இருந்தால் அதிலுள்ள பிளேட்லெட்டும். பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பேனாவால் அடித்துவிட்டுப் படம் எடுங்கள், ஏ.ஐ.க்குக் கொடுப்பதென்றாலும் அப்படித்தான்.

ஒலுவில் தம்பி 167இன் கணக்கை அனுப்பியிருக்கிறார். 41 பேரைச் சரியாகச் சொல்லியிருக்கிறது. மிச்சம் 126 பேரையும் நோயாளி ஆக்கிவிட்டது. மொடலை மாற்றுகிறாராம், ஈ.சி.ஜி. யோசனையைச் சேரிடம் கேட்கப் போகிறாராம். கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள்.